லென்ஸ் அக்காவின் பாம்பு நோட்டு

போனை அவர் ஒரு கையால் நீட்டி நான் பார்த்ததே இல்லை. திரையைத் துப்பட்டாவில் ஒரு தடவை துடைத்துவிட்டு, இரண்டு கையாலும் பிடித்து, கோயிலில் தட்டை நீட்டுகிற மாதிரி நம் முகத்துக்கு நேராக நீட்டுவார். நம் கையில் தரமாட்டார். நாம்தான் குனிந்து பார்க்க வேண்டும். "சூப்பர்க்கா" என்று சொல்லித் தப்பித்துப் போகவும் முடியாது. "என்ன தெரிஞ்சுதுன்னு சொல்லுங்க" என்பார். எதையாவது சொன்னால்தான் போன் விலகும், நமக்கு வழி கிடைக்கும்.

ஹெப்பாளில், பம்புகளுக்கு ரப்பர் சீல் செய்கிற ஒரு ஃபேக்டரி அது. நான் அங்கே பாதுகாப்பு அதிகாரி. பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். ஹெல்மெட் போடு, கையுறை போடு என்று தொண்டை வற்றக் கத்துவதும், சுவரெல்லாம் நோட்டீஸ் ஒட்டுவதும்தான் வேலை. அவர் இன்ஸ்பெக்‌ஷன் மேஜையில் இருந்தார். பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் சின்ன லென்ஸைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு, சட்டைப் பொத்தான் அளவே இருக்கிற சீல்களில் மயிரிழை வெடிப்பைத் தேடுவார். ஃபேக்டரி முழுக்க அவருக்கு லென்ஸ் அக்கா என்றுதான் பெயர். என்னைவிட நாலைந்து வயதுதான் மூத்தவர், எனக்கும் அக்காதான். அவருக்கு நான் சார்.

அதே மாதிரி லென்ஸ் ஒன்றைச் சொந்தமாக வாங்கி, போன் கேமராவின் மேல் ரப்பர் பேண்டால் கட்டி வைத்திருந்தார். அவ்வளவுதான் அவருடைய கேமரா. கழுத்தில் பீரங்கி மாதிரி தொங்கவிட்டுக்கொண்டு நாகரஹொளெ, பந்திப்பூர் என்று ஜீப்பில் போகிறவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் எடுத்த புலிகளைப் பார்த்து எனக்கு ஒன்றும் ஆனதில்லை. இந்த அம்மாள் பழைய ஆயில் டிரம்முக்கும் கக்கூஸ் சுவருக்கும் நடுவே எடுத்த படங்கள் இத்தனை வருஷம் கழித்தும் என் கண்ணை விட்டுப் போகமாட்டேன் என்கின்றன.

ஒருநாள் கேன்டீனில் நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது வந்து நீட்டினார். மாவிலை மேல் ஒரு செவ்வெறும்பு.

"எறும்பு" என்றேன்.

"காலை எண்ணுங்க."

சாம்பார் ஆறிக்கொண்டிருந்தது. எண்ணினேன். எட்டு வந்தது.

"எறும்புக்கு ஆறுதானுங்களே" என்றார். சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார். "சிலந்திங்க சார். எறும்பு வேசம் போட்டுட்டு நிக்கறா. முன்னங்கால் ரெண்டையும் தூக்கி மீசையாட்டம் ஆட்டறா பாருங்க. வாசல்ல இருக்கற மாமரத்துலதான், நம்ம தலை ஒசரத்துல. சாப்பிட்டுட்டுப் போயிப் பாருங்க."

நான் போகவில்லை. சாயங்காலம் கம்பெனி பஸ்ஸில் "பாத்தீங்களா?" என்று கேட்டார். பார்த்தேன் என்றேன். "என்ன பண்ணிட்டிருந்தா?" என்றார். மாட்டிக்கொண்டேன். மறுநாள் காலையில், அட்டென்டன்ஸ் கார்டைத் தேய்ப்பதற்கு முன்னால், பள்ளிக்கூடத்தில் வீட்டுப்பாடம் எழுதாமல் வந்தவனைப் போல அந்த மரத்தடியில் நின்று எட்டுக் கால் எறும்பைத் தேடிக்கொண்டிருந்தேன்.

சிலந்தி எல்லாம் அவருக்கு 'அவ'. பாம்பெல்லாம் 'அவர்'. ஏன் என்று ஒரு தடவை கேட்டேன். "வலை கட்டி உக்காந்திருக்கறது பெரும்பாலும் பொம்பளைங்கதானுங்க. பாம்புல ஆணா பொண்ணான்னு எனக்குத் தெரியாது. தெரியாதவங்களை மரியாதையாச் சொல்லிட்டாத் தப்பில்லைங்களே" என்றார்.

ஊர் ஹனூர்ப் பக்கம், மக்காச்சோளம் போடுகிற குடும்பம். வீட்டுக்காரர் சரக்கு ஆட்டோ ஓட்டினார். ஒரே பெண். அக்ரஹாரத்தில் ஒரு சந்துக்குள் வாடகை வீடு. இதற்கு மேல் அவரைப் பற்றி எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் முயலவில்லை. அவர் தன்னைக் காட்டியதே இல்லை, தான் பார்த்ததைத்தான் காட்டினார்.

தினமும் காலை ஏழு மணிக்கு, பஸ் ரிங் ரோட்டில் திரும்பும்போது, ஃபேக்டரி வாட்ஸப் குரூப்பில் அவருடைய படம் ஒன்று வந்து விழும். கீழே ஒரு குறிப்பு: 'கம்ப்ரசர் ரூம் பின்னாடி, மூணாவது குழாய்கிட்ட. தூங்கிட்டிருந்தார். யாரையும் ஒண்ணும் செய்யல.' இந்தக் கடைசி வரி எல்லாப் படத்திலும் இருக்கும். எங்கள் மிக்ஸிங் பிரிவில் ஒரு கிண்டல்காரன், தன் மேஸ்திரி வாயைத் திறந்து தூங்குகிறதைப் படம் எடுத்து, இதே வரியைக் கீழே போட்டுக் குரூப்பில் அனுப்பினான். எல்லாரையும்விட அதிகம் சிரித்தது அக்காதான்.

சிரிப்புக்கு நடுவில் ஒன்று நடந்துகொண்டிருந்தது. எங்கள் ஃபேக்டரியில் பாம்பு அடிக்கிறது நின்றுபோயிருந்தது.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் நடந்ததைச் சொல்கிறேன். லோடிங் பக்கம் "ஹாவு, ஹாவு" என்று கன்னடத்தில் ஒரே கூச்சல். ஓடிப் போனால், அட்டைப்பெட்டி அடுக்குக்குக் கீழே ஆள் நீளத்துக்கு ஒரு பாம்பு. சுற்றி ஏழெட்டுப் பேர், கையில் இரும்புக் கம்பி. அக்கா எங்கிருந்தோ வந்தார். பாம்பின் பக்கம் போகவே இல்லை. கம்பி வைத்திருந்தவர்கள் முன்னால் நின்று போனை நீட்டினார், அதே இரண்டு கைகளால்.

"இவரு சாரைங்க. வெசம் கெடையாது. வால் நுனி அறுந்திருக்கு பாருங்க. இது போன வருசம் எடுத்தது, இது அதுக்கு முந்தின வருசம். அதே வாலு. நம்ம மெசின் வாரதுக்கு முந்தியே இவரு இங்க இருக்கறாரு. ஸ்டோர்ல எலி அட்டையைக் கொறிக்கறது கொறைஞ்சது யாராலன்னு நெனச்சீங்க?"

அவர்கள் பாம்பை விட்டுவிட்டுப் படத்தைப் பார்த்தார்கள். ஒருவன் திரையைத் தள்ளித் தள்ளி அடுத்தடுத்த படங்களைப் பார்த்தான். அதற்குள் பாம்பு சுவரோரமாகப் போய்விட்டது. அன்றிலிருந்து அதற்குப் 'பெரியவர்' என்று பெயர். பாம்பைப் பார்த்தால் கம்பியை எடுக்காமல் லென்ஸ் அக்காவைக் கூப்பிடுவது வழக்கமாகிவிட்டது. பாதுகாப்பு அதிகாரி என்று ஒருவன் இருந்தும் யாரும் என்னைக் கூப்பிடவில்லை. எனக்கு அதில் நிம்மதிதான். பாம்பென்றால் எனக்குப் பயம்.

அந்தப் பயத்தையும் அவர் விட்டுவைக்கவில்லை. பின்பக்கம், மதில் சுவருக்கும் ஷெட்டுக்கும் நடுவே ஒரு காலி இடம் இருந்தது. உண்ணிச்செடிப் புதர், உடைந்த கருங்கல் குவியல், ஒரு பெரிய புற்று. நாகர பஞ்சமிக்கு மெஷின்காரர்கள் அங்கே மஞ்சள் குங்குமம் வைத்து, பால் ஊற்றுவார்கள். "அவருக்குப் பால் ஆவாதுங்க, மஞ்சளோட நிறுத்திக்குங்க" என்று சொல்லிச் சொல்லி, பாலை மட்டும் நிறுத்த வைத்திருந்தார் அக்கா. அந்தப் புதருக்கு என்னை ஒருநாள் கூட்டிப் போய், "அசையாம நில்லுங்க, நேரா பாருங்க" என்றார். இலைதான் தெரிந்தது. ரொம்ப நேரம் கழித்து, ஒரு இலைக்காம்புக்குக் கண் இருப்பதைப் பார்த்தேன். பச்சைப் பாம்பு. என் மூக்குக்கும் அதற்கும் நடுவே ஒரு முழம் இருக்கும். கண்ணைக் கொத்தும் என்று சின்ன வயதிலிருந்து கேட்டுக் கேட்டு வளர்ந்தவன் நான். அது என்னைப் பார்த்தது, நான் அதைப் பார்த்தேன். அது லேசாக ஆடியது, காற்றில் ஆடுகிற கொடி என்று நம்மை நம்பவைக்கிறதாம். அந்தப் பயத்திலும் கண்ணை எடுக்க மனம் வரவில்லை.

"ஒருக்கா நல்லாப் பாத்துட்டா அப்பறம் அடிக்கக் கை வராதுங்க" என்றார் அக்கா. இது அவர் அடிக்கடி சொல்கிற பேச்சு. அன்றைக்கு மட்டும் கூடவே இன்னொன்றும் சொன்னார். "சின்னப்புள்ளைல எங்க காட்டுல நான்தான் பாம்பு பாம்புன்னு கத்துனேன். ஆளுங்க ஓடியாந்து அடிச்சுப் போட்டாங்க. கிட்டப் போயிப் பாத்தா அவ்வளவு அழகுங்க சார். செத்ததுக்குப் பொறவு பாத்து என்ன பண்றது? அதனாலதான் இப்பல்லாம் முந்தியே எல்லாத்துக்கும் காட்டிப் போடறேன்."

அந்த வாரம் என் வீட்டுக் குளியலறைச் சுவரில் இருந்த ஒரு சிலந்தியை நானே படம் எடுத்து அவருக்கு அனுப்பினேன். பாதி மங்கல். மூன்று கட்டைவிரல் வந்தது பதிலாக. உடனே ஒரு கேள்வி: 'எடம் எழுதலையே சார்?'

இடம்தான் அவருக்கு முக்கியம். அதற்கென்று ஒரு நோட்டு வைத்திருந்தார். இன்ஸ்பெக்‌ஷன் ரிஜிஸ்டர் மாதிரியே ஸ்கேலால் கோடு போட்ட ஐந்து கட்டங்கள்: எண், நேரம், இடம், யார், என்ன செய்துகொண்டிருந்தார். முன்பக்கத்திலிருந்து பாம்பு, பின்பக்கத்திலிருந்து சிலந்தி. கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். 'புற்றுக்குத் தெற்கே, கல் இடுக்கு. நாகர். வெயில் காய்ந்துகொண்டிருந்தார்.' 'தண்ணீர்த் தொட்டி அருகே. கண்ணாடி விரியன். பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தார்.' 'சாக்கடை மூடி. தண்ணீர்ப் பாம்பு. தவளை பாதி உள்ளே. தொந்தரவு செய்யாமல் வந்துவிட்டேன்.' பெரியவருக்கு மட்டும் இரண்டு பக்கம் இருந்தது.

இனி என் யோக்கியதையைச் சொல்ல வேண்டும்.

அந்த வருஷம் புது பிளான்ட் ஹெட் வந்தார். பின்பக்கக் காலி இடத்தில் கோடவுன் கட்ட வேண்டும் என்றார். புற்றை இடிக்கத் தொழிலாளர்கள் விடமாட்டார்கள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். என்னைக் கூப்பிட்டார். "அவங்க சாமின்னு நினைக்கிற வரைக்கும் விடமாட்டாங்க. ஆபத்துன்னு நினைச்சா அவங்களே இடிக்கச் சொல்வாங்க. அங்கே என்னென்ன பாம்பு இருக்குன்னு ஒரு ரிப்போர்ட் வேணும். ஆதாரத்தோட. நீங்கதானே பாதுகாப்பு அதிகாரி?" என்றார். நான் அப்போது பெர்மனென்ட் ஆகவில்லை. பெர்மனென்ட் ஆக்கும் கடிதத்தில் அவர் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. அதை அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இரண்டு பேருக்கும் தெரிந்ததை எதற்குப் பேசுவது?

ஆதாரம் யாரிடம் இருக்கிறது என்பது அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

ஆயுத பூஜைக்கு மூன்று வாரம் இருந்தது. வருஷத்தில் அந்த ஒருநாள்தான் வீட்டு ஆட்களை ஃபேக்டரிக்குள் விடுவார்கள். மெஷினுக்கெல்லாம் சந்தனம் பூசி, மாலை போட்டு, வாசலில் பூசணிக்காய் உடைத்து, பிள்ளைகள் பட்டுப்பாவாடையும் புதுச்சட்டையுமாக அப்பாவின் மெஷின் எது, அம்மாவின் மேஜை எது என்று பார்த்துக்கொண்டு போவார்கள். நான் இன்ஸ்பெக்‌ஷன் மேஜைக்குப் போனேன். "அக்கா, இந்த ஆயுத பூஜைக்கு உங்க படத்தையெல்லாம் பெரிசா பிரிண்ட் போட்டு கேன்டீன் சுவத்துல மாட்டலாம்னு இருக்கேன்" என்றேன்.

அவர் லென்ஸைக் கண்ணிலிருந்து எடுத்தார். "நெசமாலுங்களா?"

"நெசமாத்தான்."

"எல்லார் வீட்டுக் கொழந்தைகளும் வருமேங்க." லென்ஸைத் துப்பட்டாவில் ஒரு தடவை துடைத்தார். பிறகு, "எடத்தோட எழுதிப் போடலாங்களா? எங்க பாத்தேன், என்ன பண்ணிட்டிருந்தாருன்னு?" என்றார்.

"அதுக்குத்தான் நோட்டும் வேணும்."

மறுநாள் காலை மழைத்தூறல். நோட்டைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றி, மெமரி கார்டைச் சின்ன மாத்திரை டப்பாவில் போட்டுக் கொண்டுவந்து, இரண்டு கையாலும் நீட்டினார். முதல்முறையாக நீட்டியதைக் கையை விட்டுக் கொடுத்தார்.

"பாம்பு மட்டும் போதும்க்கா" என்றேன்.

"சிலந்தி வேண்டாங்களா? அவளுகதானுங்க அழகு."

"அது அடுத்த வருஷம்."

நான் சொன்னதில் பொய் எங்கே என்று கேட்டால் விரல் வைத்துக் காட்ட முடியாது. படங்கள் மாட்டப்படத்தான் போகின்றன. இப்படித்தான் அன்றைக்கு எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். இன்றைக்கு அதை நினைத்தால் என் முகத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

ரிப்போர்ட்டைக் கம்ப்யூட்டரில் அடித்தேன். எண், நேரம், இடம், யார். நான்கு கட்டங்களை அப்படியே எடுத்துக்கொண்டேன். 'என்ன செய்துகொண்டிருந்தார்' என்ற ஐந்தாவது கட்டத்தை எடுத்துவிட்டேன். அந்த இடத்தில் 'விஷம்' என்று போட்டேன். நாகத்துக்கு ஆம். கண்ணாடி விரியனுக்கு ஆம். அவை சில வரிகள்தான். மிச்சமெல்லாம் சாரையும் தண்ணீர்ப் பாம்பும் பச்சைப் பாம்பும். இல்லை, இல்லை, இல்லை என்று அடித்துக்கொண்டே போனால் ரிப்போர்ட்டில் உயிரே இல்லை. எல்லா 'இல்லை'யையும் 'உறுதி செய்யப்படவில்லை' என்று மாற்றினேன். பெரியவரின் வரிகளிலும் அதுதான். எனக்குத் தெரியாமல் இல்லை. எத்தனை தடவை என் முகத்துக்கு நேராக நீட்டிச் சொல்லியிருக்கிறார்! பச்சைப் பாம்பை ஒரு முழ தூரத்தில் நேருக்கு நேர் பார்த்தவன் நான். நன்றாகப் பார்த்தவனுக்கும் கை வரும் என்று அன்றைக்குத் தெரிந்தது.

கீழே 'படங்களும் தகவலும்' என்று போட்டு அக்காவின் பெயரை எழுதினேன். உரிய பெருமை அவருக்குப் போகட்டும் என்று, ரொம்ப நல்லவன் மாதிரி.

ஆயுத பூஜை அன்று மயில் கழுத்து நிறத்தில் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்தார். கூடவே வீட்டுக்காரர், பத்து வயதுப் பெண். நான் கேன்டீனில்தான் நின்றேன். ஓடிப் போயிருக்கலாம், போகவில்லை. சுவர் முழுக்கப் படங்கள், நன்றாகத்தான் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் சிவப்புப் பட்டை அடித்து, மேலே கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் 'அபாயம்' என்று பெரிய எழுத்து. எழுத்துக்குப் பக்கத்தில் மண்டை ஓடு. நடுவில் என் ரிப்போர்ட். அந்தச் சிவப்புப் பட்டை என் யோசனை இல்லை, பிளான்ட் ஹெட்டுடையது. ஆனால் பிரிண்டுக்குக் கொடுக்கும்போது பார்த்தவன் நான்தான்.

அந்தப் பெண் வேகமாக முன்னால் ஓடிப் போய் எழுத்துக்கூட்டிப் படித்தாள். "அம்மா, அபாயன்னு போட்டிருக்குதும்மா."

"ஆமா கண்ணு" என்றார் அக்கா.

வேறு பிள்ளைகள் அம்மாமார்களின் இடுப்பைக் கட்டிக்கொண்டு பார்த்தார்கள். ஒரு பாட்டி கன்னத்தில் போட்டுக்கொண்டு, இங்கேயா நம்ம பையன் வேலை செய்கிறான் என்று அரற்றினாள். அக்கா ஒவ்வொரு படமாக, ஒன்று விடாமல் பார்த்துக்கொண்டே வந்தார். ரிப்போர்ட் முன்னால் நின்றார். சீல்களைப் பார்க்கிற மாதிரி, வரிவரியாகப் படித்தார். கடைசிக் கட்டத்தில் அவர் விரல் மேலிருந்து கீழே இறங்கியது. தன் பெயர் வந்ததும் நின்றது.

என் பக்கம் திரும்பினார். நான் எதற்கும் தயாராகத்தான் இருந்தேன்.

"பிரிண்ட் நல்லா வந்திருக்குதுங்க சார்" என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு பொரியும் பூசணி அல்வாவும் வாங்கப் போய்விட்டார்.

பிளான்ட் ஹெட் கணக்குப் போட்டது சரியாக இருந்தது. பிள்ளைகளும் பெண்டாட்டிமாரும் வீட்டில் போய்ப் பிடுங்க, ஒரு வாரத்தில் தொழிலாளர்களே வந்து, அந்த இடத்தைச் சுத்தம் பண்ணுங்கள் என்று கேட்டார்கள். பூசாரியைக் கூப்பிட்டுப் புற்றுக்குப் பரிகாரம் செய்தார்கள். ஜேசிபி ஒரே காலையில் வேலையை முடித்தது. உண்ணிச்செடியும் கல்லும் புற்றும் லாரியில் போயின. நோட்டின் பின்பக்கத்தில் இருந்தவளுகளும் போயிருப்பார்கள். அதை அன்றைக்கு நான் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை.

வீடு இழந்ததுகள் எங்கே போகும்? ஷெட்டுக்குள்தான் வந்தன. மூன்றாம் நாள் பேக்கிங் பிரிவில் கூச்சல். நான் போவதற்குள் முடிந்திருந்தது. அக்காவை யாரும் கூப்பிடவில்லை. தரையில் கிடந்ததன் வாலைப் பார்த்தேன். நுனி அறுந்திருந்தது. கம்பியைக் கையில் வைத்திருந்தவன், முன்னே ஒருநாள் அவர் போன் திரையைத் தள்ளித் தள்ளிப் படம் பார்த்தவன். "உறுதி இல்லைன்னுதானே சார் லிஸ்ட்டுல போட்டிருந்துச்சு?" என்று என்னிடமே கேட்டான்.

அக்கா பிறகு வந்தார். நின்று பார்த்தார். போனை எடுக்கவில்லை. மேஜைக்குத் திரும்பிப் போய் லென்ஸைக் கண்ணில் வைத்துக்கொண்டார்.

எல்லாவற்றையும்விட என்னை இன்றைக்கும் தூங்கவிடாதது அன்று சாயங்காலத்து பஸ். மோல்டிங்கில் ஒரு வயதான ஆபரேட்டர். நாகர பஞ்சமிக்கு முதல் மஞ்சள் வைக்கிறவர். பரிகாரம் செய்தும் அவருக்கு மனசு ஆறவில்லை போல. அக்காவின் சீட்டுப் பக்கம் வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஏனம்மா, நம்பித்தானே உனக்கு எல்லாம் காட்டுனோம்? எந்தப் பொந்துல என்ன இருக்குன்னு நாங்கதானே வந்து வந்து சொன்னோம்? எல்லாத்தையும் எழுதி ஆபீஸ்ல குடுத்துட்டியே. புத்தையும் தின்னுட்டியே."

நான் இரண்டு சீட் பின்னால் இருந்தேன். 'அக்கா குடுக்கல, நான்தான் பொய் சொல்லி வாங்கினேன்.' இந்த ஒரு வாக்கியம் போதும். வாய் வரைக்கும் வந்தது. பையில் பெர்மனென்ட் கடிதம் இருந்தது, அன்று மத்தியானம்தான் கைக்கு வந்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அக்காவும் சொல்லியிருக்கலாம். சார்தான் கேட்டாரு என்று ஒரு வார்த்தை. ஒருமுறை திரும்பி என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்ப்பதைப் பார்த்திருப்பார். பிறகு அந்த ஆபரேட்டரிடம், "தப்புத்தானுங்க" என்றார். என் தப்பை அவர் வாயால் ஒப்புக்கொண்டார்.

மறுநாள் காலை ஏழு மணிக்குப் படம் வரவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. மூன்று நாலு நாள் கழித்துதான் பலரும் கவனித்தார்கள், பிறகு மறந்தும் போனார்கள். என்னிடம் முன்போலவே பேசினார். ஹெல்மெட் ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டார், டீ குடித்தீர்களா என்று கேட்டார். நோட்டை மட்டும் திருப்பிக் கேட்கவே இல்லை. நானாகக் கொண்டுபோய்க் கொடுக்கத் தைரியம் வரவில்லை. இன்று கொடுக்கலாம், நாளை கொடுக்கலாம் என்று பையில் வைத்துக்கொண்டே அலைந்தேன்.

ஒருநாள் டீ இடைவேளையில் ஜன்னல் கம்பியோரம் குனிந்து எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் பழைய வெளிச்சம். கை தானாகப் போனைத் தொட்டது, துப்பட்டா திரையைத் துடைத்தது. நான் பார்த்துக்கொண்டே நின்றேன். கூப்பிடப் போகிறார், "இங்க வாங்க சார், இதப் பாருங்க" என்று சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். நிமிர்ந்தவர் என்னைப் பார்த்துவிட்டார். போன் பைக்குள் போனது. மெல்ல நகர்ந்து, அந்தக் கம்பிக்கும் எனக்கும் நடுவே தோளால் மறைத்து நின்றுகொண்டார். "என்ன சார், டீ ஆச்சுங்களா?" என்றார். ஆச்சுக்கா என்றேன். நான் அந்த இடத்தை விட்டுப் போகும்வரை அவர் நகரவில்லை.

பார்த்ததைக் காட்டாமல் இருக்கத் தெரியாத ஒரு மனுஷிக்கு, மறைக்கக் கற்றுக்கொடுத்தவன் நான். பாம்பும் புற்றும் போனதைவிட இதுதான் எனக்குப் பெரிய பாவமாகத் தெரிகிறது.

அடுத்த வருஷம் வேலையை விட்டார். வீட்டுக்காரருக்குக் குண்டலுபேட்டை மார்க்கெட்டில் காய்கறி லோடு நிறையக் கிடைக்கிறது, அங்கேயே போகிறோம் என்றார். வழியனுப்பும்போது எல்லாரும் படம் எடுத்துக்கொண்டார்கள். நானும் ஓரத்தில் நிற்கிறேன், அந்தப் படத்தில்.

எட்டு வருஷம் ஓடிவிட்டது. நானும் அந்த ஃபேக்டரியில் இப்போது இல்லை. நோட்டு என் பீரோவில் இருக்கிறது. அதே மாதிரி லென்ஸ் ஒன்று நானும் வாங்கி வைத்திருக்கிறேன். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்கள் வீட்டுக்குப் பக்கத்துக் காலி சைட்டில், யாரோ இறக்கிவைத்த சிமெண்ட் கல் அடுக்கின் மேல் ஒரு சாரை படுத்திருந்ததைச் சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தேன். நல்ல நீளம். தெரு வாட்ஸப் குரூப்பில் போடவில்லை, வீட்டிலும் சொல்லவில்லை. படம் எடுத்தேன். இந்த முறை மங்கல் இல்லை. அக்காவின் பழைய நம்பர் என்னிடம் இருந்தது. 'அக்கா, அன்னிக்கு பஸ்ஸில்' என்று அடித்தேன், அழித்தேன். மறுபடி அடித்தேன், அழித்தேன். கடைசியில் நோட்டில் இருப்பது போலவே, கட்டம் கட்டமாக எழுதி அனுப்பினேன். எண் ஒன்று. காலை ஒன்பதரை. தெருப் பெயர், குறுக்குச் சந்து, எங்கள் வீட்டுக்கு வலப்பக்கக் காலி சைட். சாரை. வெயில் காய்ந்துகொண்டிருந்தார்.

நாலு நாள் பதில் இல்லை. நம்பர் மாறியிருக்கும் என்று என்னைத் தேற்றிக்கொண்டேன். ஐந்தாம் நாள் வந்தது.

'நல்லா எடுத்திருக்கீங்க சார். எடத்தை மட்டும் அழிச்சிருங்க.'

உடனே அழிக்கப் போனேன். இரண்டு பேரிடமும் அழிக்க நாள் கடந்துவிட்டதாம். இனி என் போனிலிருந்து மட்டும்தான் அழிக்க முடியும், அழிக்கட்டுமா என்று வாட்ஸப் கேட்டது. அழி என்றேன். எனக்கு மட்டும் அழிந்தது. அவரிடம் அது அப்படியே இருக்கிறது.